அவள் அழைத்து வந்த தலைவர்

1

இக்குறிப்பை எழுதவேண்டிய கட்டாயத்தை எனக்கு உண்டாக்கியது ஒரு விழா மலர். கனடாவில் வாழும் பதுளைவாசிகள் பொங்கல் விழா எடுத்தபோது வெளியிட்ட அம்மலரின் நடுப்பக்கத்தில் நானும் திரு. பாலேந்திரனும் சேர்ந்து நிற்கும் நிழற்படம் அச்சாகியிருந்தது. அவருடைய கை என் தோளின்மேல் கிடக்கிறது. கீழே, "ஒரே மண், ஒரே ஆலை, ஒரே மனம்" என்று எழுதியிருக்கிறார்கள். மலரின் படிகள் பதுளைக்கும் சென்றிருக்கின்றன. என்னோடு முன்னர் கற்பித்த நண்பர் ஒருவர் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்து, "ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கீங்களே, கண்ணு பட்டுறப் போகுது" என்று மகிழ்ந்தார்.

ஒரே மண் என்பது ஓரளவு மெய். ஒரே ஆலை என்பது முழு மெய். ஒரே மனம் என்பது பிழை. திரு. பாலேந்திரன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இதை எழுதும் இவ்வேளையிலும் இருக்கிறது. ஊரில் உள்ளோர் அந்நிழற்படத்தை நம்பியிருக்க, நான் வாளாவிருப்பது முறையன்று. நடந்ததை நடந்தவாறே எழுதிவைக்கிறேன்.

2

ரொறன்ரோவுக்கு வெளியே, மருத்துவமனைகளின் துணிகளை வெளுத்து மடித்தனுப்பும் பெரிய சலவை ஆலை ஒன்றில் நான் பணிபுரிகிறேன். பதுளையில் தமிழாசிரியராகவும், பின்னர் ஆசிரிய ஆலோசகராகவும் இருந்தவன், இங்கே நோயாளர் விரிப்புகளை எண்ணும் தொழிலுக்கு வந்து, படிப்படியாக ஒரு பிரிவின் தலைமைக்கு உயர்ந்தேன். ஈர விரிப்புகளைப் பெண்கள் இருவர் இருவராக நின்று சூடான உருளைகளுக்குள் செலுத்துவார்கள்; மறுபுறம் அவை உலர்ந்து, மடிந்து வெளிவரும். அப்பகுதி என்னுடையது. அழுக்குத் துணிகளைப் பிரிக்கும் பகுதி பாலேந்திரனுடையது.

குடிவரவுத் தாள்களில் என் பெயரும் தந்தையின் பெயரும் இடம் மாறிப்போயின. திருத்தக் கோரி எழுதிய மடல்களுக்கெல்லாம், என் மடல் கிடைத்தது என்னும் விடை மட்டுமே வந்தது. ஆகவே ஆலையில் வெள்ளையர் என்னை என் தந்தையின் பெயரால் "மிஸ்டர் முத்து" என்கின்றனர். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுவதும் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய அவரை அங்கே எவரும் அவ்வாறு விளித்ததில்லை. பாலேந்திரனுக்கு இத்தகைய இடர் எதுவும் நேரவில்லை. அவரை எல்லோரும் "பாலா" என்கிறார்கள். அவருக்கும் அது பிடித்திருக்கிறது.

அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்தவர். தந்தையார் பதுளையில் அரச எழுதுவினைஞர். பாலேந்திரன் வளர்ந்தது பட்டணத்து அரச விடுதியில். தமக்கென ஒரு குளியலறை இருந்த வீட்டில். நான் பிறந்தது லயத்தில். அந்த ஒற்றை அறை வரிசைகளில் விடியற்காலை தப்படிக்கும் ஓசை கேட்டதும், என் தாயார் பெரட்டுக் களத்துக்கு ஓடுவார். அங்கே தொழிலாளர் வரிசையில் நிற்க, இன்னார் இன்ன மலைக்கு என்று கணக்கப்பிள்ளை கூவிப் பிரித்தனுப்புவார். இவ்வேறுபாட்டை நான் இங்கே சொல்வதன் காரணம் பின்னர் விளங்கும்.

சென்ற ஆண்டு எங்கள் மேலாளர் லிண்டா என்னும் அம்மையார் எங்கள் இருவரையும் அழைத்தார். இரு பிரிவுகளும் ஒன்றாக்கப்படும் என்றும், ஒருவரே தலைவராவார் என்றும் சொன்னார். அதற்கு முன் தலைவர்கள் ஆணையிடும் பழக்கத்தை விட்டு, பணியாளரைத் தாமே சிந்திக்கச் செய்யும் பழக்கத்தைக் கற்க வேண்டுமாம். அதற்கெனச் சில நாள் வகுப்பு. அதன்பின் எங்களில் ஒவ்வொருவரும் தத்தம் பிரிவில் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவரை அடுத்த படிக்கு உயர்த்திக் காட்ட வேண்டும்.

ஆங்கிலத்தில் அவர்கள் 'கோச்சிங்' எனும் அக்கலைக்கு நான் அன்றே 'வழித்துணை' என்று பெயர் சூட்டினேன். உணவு வேளையில் அதைப் பாலேந்திரனிடம் சொன்னேன்.

"நல்ல பேர்தான், மாஸ்டர்," என்றார் அவர், சம்பல் தோய்ந்த விரலை நக்கியவாறு. "ஆனா கவனம். எங்கட ஊர்க் கோச்சி பதுளையோட நிண்டுபோகும். அங்கால தண்டவாளம் இல்லை."

எங்கள் ஊரில் புகைவண்டிக்குக் கோச்சி என்று பெயர். மேசையிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் பிரிவுப் பெண்களும் சிரித்தார்கள். அத்தலைமைப் பதவி எனக்கு வேண்டும் என்று நான் உறுதி கொண்டது அந்தச் சிரிப்பின்போதுதான்.

3

வகுப்பில் நான் கற்றவை இவை. சொல்லாதே, கேள். விடை ஒளிந்திருக்கும் கேள்வியைக் கேளாதே. கேட்டபின் வாய் திறவாமல் காத்திரு. அமைதி அவரைச் சிந்திக்க வைக்கும். இவை மூன்றும் எளியனவாகத் தோன்றின. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவனல்லவா நான்?

வீட்டில் இரவுணவின்போது என் மகள் தேன்மொழியிடம் பயின்று பார்த்தேன். அவள் இங்கே வளர்ந்தவள். தமிழ் அவள் நாவில் விருந்தாளிபோல் வந்து போகும்.

"உன் வாழ்வில் நீ அடைய விரும்பும் இலக்கு யாது?" என்று கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா, இது கேள்வி இல்ல. டெஸ்ட். நான் என்ன சொன்னாலும் நீங்க மார்க் போடுவீங்க."

"மதிப்பெண் இடமாட்டேன்."

"இப்ப கூட முகத்தில போடுறீங்க," என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். பாலேந்திரனின் பிள்ளைகள் அவரோடு சேர்ந்து கிரிக்கெட் பார்ப்பார்களாம். இதையும் எவரோ என்னிடம் வந்து சொல்லியிருந்தார்கள்.

நான் தெரிந்தெடுத்தது மகேஸ்வரியை. அவளும் ஸ்பிரிங்வெளியைச் சேர்ந்தவள். மணமாகி இந்நாட்டுக்கு வந்து நெடுங்காலமாகவில்லை. கைவேகம் மிக்கவள். உருளைப் பொறியை இயக்கும் பணிக்கு அவளை உயர்த்திவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஊரவள், என்னை எளிதில் விளங்கிக்கொள்வாள், பாலேந்திரனுக்கு இவ்வாய்ப்பு வராது என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

அவளை என் சிற்றறைக்கு அழைத்தேன். பொறிகளின் இரைச்சல் கேளாதிருக்கக் கதவைச் சாத்தினேன். அமரச் சொன்னேன். நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டாள்.

"இப்பணியில் உங்களுக்கு இடர்ப்பாடாகத் தோன்றுவது எது?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"ஓராண்டின் பின் நீங்கள் எவ்விடத்தில் இருக்க விரும்புகிறீர்கள்?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இங்கனதாங்க சார். வேற எங்கங்க போறது?"

"அதற்குத் தடையாக இருப்பது எது?"

"யாருங்க சார் சொன்னது? அன்னைக்கு ஒரு நாளுதான் சாப்பாடு முடிஞ்சி லேட்டா வந்தேன். பாத்ரூம்ல ஆளு நின்னுச்சுங்க. வேணும்னா செல்வி அக்காகிட்ட கேட்டுப் பாருங்க."

வகுப்பில் கற்றபடி நான் வாய் திறவாமல் இருந்தேன். அமைதி அவளைச் சிந்திக்க வைப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முன்தானை போல் மேலங்கியின் நுனியைச் சுருட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுருட்டினாள். முடிவில், "சரிங்க சார்" என்று மெல்லச் சொல்லி எழுந்து போனாள்.

உரையாடல் மிகவும் ஆழமாக அமைந்தது என்று லிண்டா அம்மையாரிடம் அன்று மாலையே அறிவித்தேன்.

4

மறுநாள் முற்பகல் என் அறைக் கதவை எவரோ தட்டினார்கள். திறந்தேன். பாலேந்திரன் நின்றிருந்தார். தலையில் அணியும் வலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால், பாதி மறைந்தவாறு, மகேஸ்வரி.

"மாஸ்டர், ஒரு சின்ன விசயம்," என்றார். அவர் அவ்வளவு அடக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை. "மகேசுவ வேலையால நிப்பாட்டப் போறீங்களோ?"

"எவர் சொன்னார்?"

"நீங்கள்தான் எண்டு அவ சொல்லுறா."

"உக்கார வச்சி, கதவ சாத்திட்டு, இனி எங்க போகப்போறேன்னு கேட்டாங்கண்ணே," என்றாள் அவள், என்னைப் பாராமல். "அப்பறம் ஒண்ணுமே பேசலண்ணே. பாத்துக்கிட்டே இருந்தாங்க. ராத்திரி பூரா எனக்குச் சோறு எறங்கல. நீங்களே கேளுங்கண்ணே."

எனக்கு அக்கணமே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதுதான் வேதனை.

தோட்டத்தில் மேலிடத்திலிருந்து கீழிறங்கி வருவது ஆணை. கேள்வி வருமானால், அது விசாரணை. "எங்கே இருந்தாய்?" "யாரோடு பேசினாய்?" என்பன தவிர வேறு கேள்வியைத் தொழிலாளி கேட்டறியாள். நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்தை நிருவகிக்கப் புதிதாக வந்த துரை ஒருவர், நல்ல மனிதர், லயத்துப் பக்கம் நடந்து வந்து என் தாயாரிடம், "வீடு நல்லா இருக்கா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டுப் போனார். எங்கள் அறையைப் பறிக்கப் போகிறார்கள் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். அடுப்பு மூட்டவில்லை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரைத் தேடி ஓடினார். எங்களில் எவருக்கேனும் விசாரணை வந்தால், தனியே ஆபிசுக்குப் போவதில்லை. தலைவரை அழைத்துக்கொண்டுதான் போவோம். தலைவர் முன்னே நிற்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்போம். தலைவர் பேசுவார்.

மகேஸ்வரி செய்ததும் அதுவே. தோட்டம் கடந்து, கடல் கடந்து வந்தும், கதவு சாத்தப்பட்ட அறையில் கேள்வி கேட்கப்பட்டவுடன் தலைவரைத் தேடியிருக்கிறாள். இதில் எனக்கு வியப்பில்லை. இம்முறையை அறிந்தே வளர்ந்த நான் அதை மறந்து, வகுப்பில் சொன்னதைக் கிளிபோல் ஒப்பித்தேன் என்பதில் வெட்கம் உண்டு. ஆனால் வெட்கத்தைவிட வேறொன்று என்னை அரித்தது.

அவள் தலைவராக அழைத்து வந்தவர் பாலேந்திரன்! பெரட்டுக் களத்தில் ஒரு நாளும் நின்றிராதவர். கொழுந்துக் கூடையின் பாரம் நெற்றியில் பதிக்கும் தழும்பைத் தம் தாயின் முகத்தில் காணாதவர். அந்த வரிசையில் அவள் பக்கத்தில் நிற்க வேண்டியவன் நான். ஆனால் அவள் மனத்தில் நான் துரை, அவர் தலைவர். என் இடத்தில் அவர் எப்போது ஏறி நின்றார்?

அதே வகுப்பில் இருந்த அவரோ நடந்ததை ஊகித்து, அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார். மகேஸ்வரியிடம் திரும்பியதும் அவருடைய பேச்சு அப்படியே மாறிற்று. யாழ்ப்பாணம் போய்விட்டது, ஸ்பிரிங்வெளி வந்தது.

"அடி பைத்தியக்காரி! சார் ஒன்னய பெரிய மிசினுக்கு ஏத்தப் பாக்குறாரு புள்ள. நீ என்னடான்னா அழுது வச்சிருக்க."

"நெசமாவாண்ணே?" அவள் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!"

சொல்லாதே, கேள் என்பதல்லவா முதல் விதி? அதைக் காத்தவன் நான், மீறியவர் அவர். நன்றிப் பார்வை அவருக்குக் கிடைத்தது. என் தாய் பேசிய மொழியை அவர் என் கண்முன்னே எடுத்துப் பேசி, என் ஊர்ப் பெண்ணை என்னிடமே மீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

5

அதன்பின் சில கிழமைகள் நான் பாலேந்திரனைக் கண்காணித்தேன். வேறு சொல்லால் அதை மழுப்ப விரும்பவில்லை. துணி வண்டிகளுக்குப் பின்னால் ஏதோ வேலையிருப்பதுபோல் நின்று, அவர் தம் பணியாளரோடு பேசுவதைக் கேட்டேன். குறை கண்டுபிடிப்பதே என் நோக்கம்.

அவர் எவரையும் அறைக்கு அழைப்பதில்லை. அவர்கள் நிற்கும் இடத்துக்குப் போய், தாமும் கையுறை மாட்டிக்கொண்டு துணி பிரிப்பார். முதலில் தம்மைப் பற்றி ஏதேனும் சொல்வார்: "நேற்று நான் அந்த வண்டிய மாறி அனுப்பிப்போட்டன். லிண்டா கிழிச்சுத் தொங்க விட்டுட்டா." கேட்பவர் சிரிப்பார். சிரித்து முடிந்தபின்தான் கேள்வி வரும்: "நீ எண்டா என்ன செய்திருப்பாய்?" தம்முடையதை முதலில் கொடுத்துவிட்டதால், அது விசாரணையாக ஒலிப்பதில்லை. எத்துணை எளிது! அதனாலேயே என் உள்ளம் எரிந்தது. கடினமான வித்தையாயின், அது அவருக்கு வாய்த்த அருட்கொடை என்று கூறி அமைதி கொண்டிருப்பேன்.

ஒருநாள் நானும் கையுறை மாட்டிக்கொண்டு மகேஸ்வரியின் இணையாகப் பொறிமுன் நின்றேன். அவள் திடுக்கிட்டாள். விரிப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், கோணலாகவே சென்றது. என் தாயாரிடம் துரை கேட்ட கதையை அவளுக்குச் சொன்னேன். அடுப்பு மூட்டாமல் விட்டதையும் சொன்னேன்.

"எங்கம்மாவும் அப்படித்தாங்க சார்!" என்று உரக்கச் சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தினாள். "சார், நீங்க லயத்துலயா பொறந்தீங்க?"

"ஆம். ஸ்பிரிங்வெளி மேல்பிரிவில்."

"மேப்பிரிவா! நான் கீப்பிரிவுங்க. நீங்க பேசுறத வச்சி கொழும்புப் பக்கம்னு நெனச்சேன். புத்தகத்த தொறந்த மாதிரியே பேசுறீங்க."

"அது என் பழக்கம்," என்றேன். அவளோடு தோட்டத்துப் பேச்சில் பேசிப் பார்க்க ஒரு கணம் எண்ணினேன். வாய் வரவில்லை. எனவே என் தமிழிலேயே கேட்டேன்: "புதிய வேலைகளில் எனக்கு எப்போதும் ஓர் அச்சம் இருந்திருக்கிறது. உங்களுக்கு இந்தப் பொறியை இயக்குவதில் எது அச்சம் தருகிறது?"

அவள் நான்கைந்து விரிப்புகளைச் செலுத்தும்வரை பேசவில்லை. நானும் காத்திருந்தேன். இம்முறை கைகள் வேலையில் இருந்ததால் அந்த அமைதி எவரையும் உறுத்தவில்லை.

"அந்தச் செவப்புப் பொத்தான்தாங்க சார். அத அமுத்துனா எல்லாமே நின்னுரும். நின்னா யாரு நிப்பாட்டுனான்னு கேப்பாங்கல்ல?"

"கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

"நான்தான்னு சொல்லணும்."

"சொல்லுங்கள்."

"நான்தாங்க," என்றாள், உருளையிடம் சொல்வதுபோல்.

"கேட்கவில்லை."

"நான்தான்!" மறுபக்கத்தில் மடிப்போர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின் என்னைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள்.

சில நாள்களின் பின், விரிப்பொன்றில் சிக்கியிருந்த உலோகத் துண்டு உருளையை நோக்கிப் போவதை அவளே கண்டாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஆலை அப்படியே அடங்கிற்று. லிண்டா அம்மையார் விரைந்து வந்து, நிறுத்தியது யார் என்று ஆங்கிலத்தில் உரத்துக் கேட்டார். மகேஸ்வரி கையை உயர்த்தி, "நான்தான்" என்றாள், தமிழில். எவரும் அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தலைவர் எவரையும் அவள் தேடவில்லை. அம்மாதமே அவளுக்குப் பொறி இயக்குநர் பணி கிடைத்தது.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் எத்தனையோ மாணவர் தேறியிருக்கிறார்கள். மகேஸ்வரியால் நான் அடைந்த மகிழ்ச்சி அவர்கள் தந்த எம்மகிழ்ச்சியோடும் ஒப்பிடக் கூடியதன்று. ஒருநாள் முழுவதும் எனக்குப் பாலேந்திரனின் நினைவே வரவில்லை.

6

மறுநாள் வந்தது. உன்னை உயர்த்தியது யார் என்று மகேஸ்வரியிடம் அம்மையார் கேட்டாராம். அவள், "பாலா அண்ணன்" என்றாளாம். சற்று நிறுத்தி, "முத்து சாரும்" என்றாளாம். இதை எனக்குச் சொன்னவள் மகேஸ்வரிதான். இரண்டு பெயரையும் மறவாமல் சொன்னேன் என்ற பெருமையோடு சொன்னாள். அந்த 'உம்' என் நெஞ்சில் எங்கே போய்த் தைத்தது என்பதை அவள் அறியாள்.

தலைமைப் பதவி பாலேந்திரனுக்குக் கிடைத்தது. நான் இப்போது அவருக்குக் கீழே, பயிற்சிக்குப் பொறுப்பான துணைத்தலைவன். அறிவிப்பு வந்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். விழா மலரிலுள்ள நிழற்படம் அந்த நாளில் எடுக்கப்பட்டது. என் தோளில் கை போட்டவர் அவர். நான் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, அவ்வளவே.

அடுத்த கிழமை அவர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். எல்லாத் துணைத்தலைவரோடும் தனித்தனியே பேசுகிறாராம். உள்ளே போனேன். கதவு சாத்தப்பட்டது.

"இருங்கோ, மாஸ்டர்."

நான் நின்றுகொண்டே இருந்தேன் என்பது அவர் சொன்ன பின்னரே எனக்குத் தெரிந்தது. அமர்ந்தேன், நாற்காலியின் விளிம்பில்.

அவர் தம்மைப் பற்றி எதையோ முதலில் சொன்னார். இப்பதவிக்கு வந்த நாள்முதல் சரியாக உறக்கம் இல்லை என்றார். அந்த உத்தி எனக்குத் தெரியும். வண்டிகளுக்குப் பின்னால் நின்று கற்றவனல்லவா? அதன் பிறகு வரவேண்டியது வந்தது.

"மாஸ்டர், இந்த வருசம் உங்களுக்கு என்ன வேணும்?"

பொய்ம்மொழிகள் பல நாவருகே வந்தன. அணியின் நலம், ஆலையின் வளர்ச்சி என்று தூய தமிழில் அழகாகச் சொல்லியிருக்கலாம்.

"உங்களுடைய இடம்," என்றேன்.

அவர் அதிரவில்லை, சிரிக்கவும் இல்லை. வகுப்பில் கற்றவாறு வாய் திறவாமல் சிறிது நேரம் இருந்தார். பிறகு சொன்னார்: "அது எனக்கு முந்தியே தெரியும். சரி, அதுக்கு முதல் படி என்ன எண்டு நினைக்கிறீங்கள்?"

வாழ்நாள் முழுவதும் விடை தெரிந்த வினாக்களையே பிறரிடம் கேட்டு வந்தவன் நான். இவ்வினாவுக்கு அவரிடமும் விடை இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மெய்யாகவே கேட்டார். தம் இடத்தை விரும்புகிறவனிடம், அங்கே வந்து சேரும் வழியை, அவனோடு அமர்ந்து தேடுவதற்காகக் கேட்டார். அப்படிக் கேட்க என்னால் இயலாது. அவ்வறையில் அதை நான் முற்றாக உணர்ந்தேன். உணர்ந்ததால் பொறாமை தணியும் என்று நூல்கள் கூறலாம். எனக்குத் தணியவில்லை, பெருகிற்று.

சிந்தித்துச் சொல்வதாகக் கூறி எழுந்து வந்தேன். அதன்பின் பன்முறை சந்தித்துவிட்டோம். விடையைத் தா என்று அவர் ஒருமுறைகூட வற்புறுத்தவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

7

நினைவிலிருந்து எழுதியமையால் இக்குறிப்பில் பிழைகள் இருக்கக்கூடும். பெரட்டு, ஆபிசு, தலைவர் பற்றிய செய்திகளில் நான் தவறியிருந்தால், தோட்டங்களில் இன்றும் வாழ்வோர் திருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன். கேள்வியாகக் கேட்க வேண்டாம். பிழை இன்னதென்று நேரே சொல்லுங்கள். திரு. பாலேந்திரனைப் பற்றி நான் குறைத்துச் சொல்லியிருப்பதாகக் கருதுவோரும் எழுதலாம். அத்திருத்தங்களை மட்டும் சற்றே தாமதித்து அனுப்பினால் நன்றியுடையேன்.